சுண்டைக்காய் கால் பணம்: டிரெய்லர் சுவரில் விழுந்த ஓட்டை

அமெரிக்காவில் ஒரு டிராவல் டிரெய்லரின் பக்கச் சுவரில் மரக்கிளை உரசி, கையகலத்துக்குக் கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் கதவாக இருந்தால் டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து இரண்டு நாளில் தந்துவிடுவார்கள். டிரெய்லருக்கு அப்படி இல்லை. டீலரின் பணிமனையில் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "முழுச் சுவரையும் மாற்ற வேண்டும்" என்பார்கள். எஸ்டிமேட் ஆயிரக்கணக்கான டாலரில் வரும். கம்பெனியிலிருந்து சுவர்ப் பலகை வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். கிழிந்தது கையகலம், செலவோ வண்டி விலையில் பாதி!

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இந்த எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டுத்தான் பிறந்ததோ என்று தோன்றும்.

இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையில்லாதது. ஆனால் அதைத் தவிர்க்க வேண்டுமானால், டிரெய்லரைக் காரைப் போலப் பார்க்கும் பழக்கத்தை அதன் சொந்தக்காரர் முதலில் விட்டாக வேண்டும். டிரெய்லர் கார் அல்ல, சக்கரம் வைத்த வீடு. காருக்கு அழகு போனால் கௌரவக் குறைச்சல், அவ்வளவுதான். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் வீடே போய்விடும். மலிவான ரிப்பேரின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

டிராவல் டிரெய்லர் என்பது என்ன?

கேரவன் என்றதும் சினிமா படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி நினைவுக்கு வரலாம். அதற்கு இன்ஜின் உண்டு. டிராவல் டிரெய்லருக்கு இன்ஜின் கிடையாது. பிக்கப் டிரக்கின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்ல வேண்டும். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். இவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தயாராகின்றன. அமெரிக்காவின் டிரெய்லர் தலைநகரம் என்றே அந்த ஊரைச் சொல்கிறார்கள்.

விடுமுறைக்கு ஊர் சுற்றுபவர்களின் பொழுதுபோக்குப் பொருளாக மட்டும் இதை நினைத்தால் தவறு. ஓய்வு பெற்றபின் வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரிலேயே குடியேறியவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய்க் கிணறுகளுக்கும் கட்டுமான வேலைகளுக்கும் ஊர் ஊராகப் போகும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதம் ஓர் ஊர், மூன்று மாதம் இன்னோர் ஊர் என்று ஒப்பந்தத்தில் வேலை செய்யும் நர்சுகள் இருக்கிறார்கள். வாடகை கட்டுப்படியாகாமல் டிரெய்லருக்கு வந்தவர்களும் உண்டு. 2005-இல் கத்ரீனா புயல் வீடுகளை அழித்தபோது, அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை இத்தகைய டிரெய்லர்களிலும் நகரும் வீடுகளிலும்தான் தங்க வைத்தது. இப்படி வாழ்பவர்களிடம், "வண்டியை இங்கே விட்டுவிட்டு நான்கு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொன்னால், அவர்கள் அந்த நான்கு மாதமும் எங்கே படுப்பார்கள்? ரிப்பேர் செலவைக் குறைப்பது அவர்களுக்குச் சிக்கனம் அல்ல, கூரையைக் காப்பாற்றிக்கொள்ளும் பிரச்சினை.

ஏன் இவ்வளவு செலவு?

முதல் காரணம், சுவர் செய்யப்படும் முறை. இன்று விற்கும் டிரெய்லர்களின் சுவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை.

ஒன்று பழைய வகை. மரச்சட்டம் அடித்து, இடையில் பஞ்சு வைத்து, வெளியே மடிப்பு மடிப்பான அலுமினியத் தகடுகளை ஒன்றோடு ஒன்று கொக்கி போல மாட்டிவிடுவது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும்.

இன்னொன்று வழவழப்பான ஃபைபர் கிளாஸ் சுவர். வெளியே மெல்லிய ஃபைபர் கிளாஸ் தாள், அதன் பின்னால் மூன்று மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய பிளைவுட், நடுவில் அலுமினியச் சட்டமும் தெர்மாகோலும், உள்பக்கம் மீண்டும் பிளைவுட். இத்தனையையும் பசை போட்டு அழுத்தி ஒரே பலகையாக ஆக்கிவிடுகிறார்கள். ஷோரூமில் இதுதான் பளபளவென்று கண்ணைப் பறிக்கும், விலையும் அதிகம். ஆனால் அடிபட்டால் இதைப் பகுதி பகுதியாகக் கழற்ற முடியாது. இருபத்தைந்து அடிச் சுவர் ஒரே துண்டு. அதனால்தான் கையகல ஓட்டைக்கு முழுச் சுவர் எஸ்டிமேட்.

இரண்டாவது காரணம், கூலி. டீலர்களின் பணிமனையில் மணிக்கு 150 டாலரும் அதற்கு மேலும் கேட்பது சாதாரணமாகிவிட்டது. ஒரு சுவரை மாற்ற ஜன்னல், கதவு, விளக்கு, வெய்யில் மறைப்பு என்று எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். மணிகள் ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது காரணம், கூட்டம். கொரோனாவுக்குப் பின் விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் பயந்த மக்கள் டிரெய்லர்களை வாங்கிக் குவித்தார்கள். 2021-இல் மட்டும் டிரெய்லர்களும் மோட்டார் வீடுகளுமாக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. அதுவரை இல்லாத எண்ணிக்கை அது. 2023-இல் அது ஏறத்தாழ 3 லட்சத்து 13 ஆயிரமாகச் சரிந்தது. விற்பனை சரிந்தது, ஆனால் விற்ற வண்டிகள் எங்கும் போய்விடவில்லை. அவசர அவசரமாகச் செய்த வண்டிகளும் அவற்றில் கலந்துதான் இருக்கின்றன. அவையெல்லாம் இன்று ரிப்பேருக்கு வரும் வயதில் இருக்கின்றன. மெக்கானிக்குகள் அந்த வேகத்தில் பெருகவில்லை.

அழகு வேறு, தண்ணீர் வேறு

வெளிப்புறச் சேதம் எதுவானாலும் அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கும். ஒன்று, கண்ணுக்குத் தெரியும் அலங்கோலம். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகும் தண்ணீர். முதலாவது எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருக்கும். இரண்டாவது ஒரு மழைக்குக்கூடக் காத்திருக்காது.

பிளைவுட் நனைந்தால் பசை விட்டுப்போகிறது. ஃபைபர் கிளாஸ் தாள் சுவரிலிருந்து கழன்று கொப்புளம் போல எழும்புகிறது. அந்தக் கொப்புளம் வந்துவிட்டால் மலிவான வழி என்பதே கிட்டத்தட்ட மறைந்துவிடும். சிலர் துளை போட்டு எபாக்சி பசை செலுத்தி, பலகை வைத்து அழுத்திப் பார்க்கிறார்கள். உள்ளே நன்றாகக் காய்ந்த சிறிய கொப்புளமானால் பலன் உண்டு. மரம் உளுத்த பிறகு எந்தப் பசையும் ஒட்டாது.

எனவே அடிபட்ட நாளே செய்ய வேண்டிய வேலை எஸ்டிமேட் வாங்குவதல்ல, ஓட்டையை அடைப்பது. நன்றாகத் துடைத்துக் காயவைத்து, தண்ணீர் புகாத நல்ல டேப்பை ஒட்டிவிட்டால் போதும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அசிங்கம் சில ஆயிரம் டாலரைக் காப்பாற்றும். அதன்பிறகு நிதானமாக நான்கு இடத்தில் விலை விசாரிக்கலாம். தண்ணீர் சொட்டிக்கொண்டிருப்பவனுக்குப் பேரம் பேச நேரம் இருக்காது, அடைத்துவிட்டவனுக்கு உண்டு.

ஆனால் நடப்பது என்ன? மனிதர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். ஆலங்கட்டி மழையில் அலுமினியத் தகட்டில் விழுந்த சின்னச் சின்னச் சொட்டைகளைப் பார்த்து மனம் நோகிறார்கள். அந்தச் சொட்டைகளால் ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகாது. அதே ஆலங்கட்டியில் கூரைமேல் இருக்கும் பிளாஸ்டிக் காற்றுமூடி உடைந்திருக்கும். அதை ஏறிப் பார்ப்பதில்லை. புதிய மூடி சில பத்து டாலர்தான். பார்க்காமல் விட்டால் கூரைப் பலகையே போய்விடும். நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டும் கதை இதுதான்.

மலிவாகச் செய்ய எங்கே போவது?

அலுமினியத் தகட்டுச் சுவராக இருந்தால் பாதிக் கவலை விட்டது. ஓரப் பட்டையைக் கழற்றி, அடிபட்ட தகட்டை மட்டும் எடுத்துவிட்டு அதே மடிப்பும் அகலமும் உள்ள புதிய தகட்டை மாட்டலாம். நிறம் சற்று மாறலாம். கைவேலை தெரிந்தவர் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார். தகட்டைக் கழற்றும்போது பின்னால் இருக்கும் மரச்சட்டம் கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிடவும் வசதி. ஷோரூமில் மட்டமாகத் தெரிந்த சுவர், அடிபட்ட பிறகு புத்திசாலியான சுவராகத் தெரியும்.

ஃபைபர் கிளாஸ் சுவரில் விரிசலோ சிறிய கிழிசலோ என்றால், டிரெய்லர் டீலரை விடப் படகு ரிப்பேர் செய்பவரிடம் போவது நல்லது. படகுகளின் உடலும் ஃபைபர் கிளாஸ்தான். அவர்கள் விரிசலின் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியும் ரெசினும் வைத்து, மேலே ஜெல்கோட் பூசித் தேய்த்து வழவழப்பாக்குவதைத் தினசரி செய்கிறார்கள். அவர்களுக்கு அது முழுச் சுவர் வேலை அல்ல, ஓர் ஒட்டு வேலை. ஏரிகள் நிறைந்த மாநிலங்களில் இத்தகைய பணிமனைகளுக்குப் பஞ்சமில்லை. குளிர்காலத்தில் வேலை குறைவாக இருக்கும்போது விலையும் பேசலாம். ஆனால் டிரெய்லரின் முன்முகப்பு சில வண்டிகளில் ஃபைபர் கிளாஸ் அல்ல, வெறும் பிளாஸ்டிக். அதற்கு வேறு பசை. எது எதுவென்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அடுத்தது, வண்டி இருக்கும் இடத்துக்கே வந்து வேலை செய்யும் நடமாடும் மெக்கானிக்குகள். டெக்சாஸ் மாநிலத்தின் ஏதென்ஸ் நகரிலும் எல்கார்ட்டிலும் இந்தத் தொழிலுக்கென்றே பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. வண்டியை இழுத்துப்போய் மாதக்கணக்கில் பணிமனையில் விட வேண்டியதில்லை என்பது இவர்களால் கிடைக்கும் பெரிய லாபம். டிரெய்லரிலேயே குடியிருப்பவர்களுக்கு இதைவிட வேறு வழியும் இல்லை. வேலை தொடங்குமுன் கட்டணத்தை எழுதி வாங்கிக்கொள்வதும், இன்சூரன்ஸ் வைத்திருக்கிறாரா என்று கேட்பதும் அவசியம்.

உதிரிப் பாகங்களுக்கு, உடைந்த டிரெய்லர்களைப் பிரித்து விற்கும் யார்டுகள் இருக்கின்றன. எல்கார்ட் பக்கத்தில் தொழிற்சாலைகளில் மிஞ்சிய கதவு, ஜன்னல், தகடுகளை விற்கும் கடைகளும் உண்டு. பத்து வருடம் பழைய மாடலுக்குக் கம்பெனியிலேயே பாகம் இல்லை என்று கைவிரிக்கும்போது இவைதான் கை கொடுக்கும்.

கடைசியாக, தன் கையே தனக்கு உதவி. கூரை ஓரங்களிலும் மூலைப் பட்டைகளிலும் சீலன்ட் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. பட்டையின் அடியில் வைக்கும் பியூட்டைல் டேப் ஒரு சுருளும், கூரைக்குரிய சீலன்ட் ஒரு குழாயும் இருபது டாலருக்கு முன்பின் விலை. சுவரில் ஈரம் இருக்கிறதா என்று காட்டும் கருவி நாற்பது ஐம்பது டாலருக்குக் கிடைக்கிறது. இங்கே ஒரே ஓர் எச்சரிக்கை: சமையலறைத் தொட்டிக்குப் போடும் சிலிக்கானை டிரெய்லர் மேல் பூசுவது பொல்லாத சிக்கனம். சிலிக்கான் பூசிய இடத்தில் பின்னர் வேறு எதுவும் சரியாக ஒட்டாது. அதைச் சுரண்டி எடுக்கும் கூலி, மிச்சம் பிடித்த காசைப் போலப் பல மடங்கு ஆகும்.

எங்கே சிக்கனம் கூடாது?

டயர் வெடித்து வந்த சேதம் தனி ரகம். டிரெய்லர் டயர் ஓடும்போது வெடித்தால், பிய்ந்த ரப்பர் சாட்டை போலச் சுழன்று சக்கரத்தின் மேல்மறைப்பைக் கிழித்துவிடும். வெளியே பார்க்க ஒரு பிளாஸ்டிக் துண்டு உடைந்தது போலத்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்துக்கு அடியில் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் ஓடலாம். அதைச் சோதிக்காமல் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றுவது உயிரோடு விளையாடுவது. எரிவாயு, மின்சாரம், இரும்புச் சட்டம், பிரேக் ஆகிய நான்கிலும் முழுக் கூலி கொடுத்து, தெரிந்தவரிடம் செய்வதே முறை. சுவரின் அழகில் மிச்சம் பிடித்த பணத்தை இங்கே செலவழிக்கலாம்.

இன்சூரன்ஸ் காப்பாற்றுமா?

பாதி காப்பாற்றும். மரக்கிளை, ஆலங்கட்டி, விபத்து போன்ற திடீர்ச் சேதங்களுக்கு, டிரெய்லருக்கென்று தனியாக எடுத்த பாலிசி பணம் தரும். இழுக்கும் டிரக்கின் பாலிசியே போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அது டிரெய்லர் பிறருக்கு உண்டாக்கும் சேதத்துக்குப் பொதுவாகப் பொறுப்பேற்கும், டிரெய்லருக்கு வந்த சேதத்துக்கு அல்ல. மெல்ல மெல்லக் கசிந்து உளுத்துப்போன சுவருக்குப் பெரும்பாலும் எந்தப் பாலிசியும் பணம் தராது. அது பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடுவார்கள். அடிபட்ட அன்றே படம் எடுத்து, ஓட்டையை அடைத்து, அடைத்ததையும் படம் எடுத்து வைப்பவருக்குத்தான் வாதாட ஆதாரம் இருக்கும்.

இன்னொரு வலையும் உண்டு. சந்தையில் 12 ஆயிரம் டாலர் மதிப்புள்ள பழைய டிரெய்லருக்கு டீலர் 9 ஆயிரம் டாலர் எஸ்டிமேட் எழுதினால், இன்சூரன்ஸ் கம்பெனி ரிப்பேர் செய்வதை விட்டுவிட்டு, முழு நஷ்டம் என்று கணக்கை முடிக்கப் பார்க்கும். வருகிற பணத்தில் அதேபோல இன்னொரு டிரெய்லர் கிடைக்காமல் போகலாம். அதிலேயே குடியிருப்பவர் தெருவுக்கு வந்துவிடுவார். படகுப் பணிமனையிலோ நடமாடும் மெக்கானிக்கிடமோ வாங்கிய சிறிய எஸ்டிமேட் ஒன்று கையில் இருந்தால், அந்தப் பேச்சின் திசையே மாறக்கூடும்.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லப்படுவதுண்டு. ஒட்டுப்போட்ட டிரெய்லரை விற்கும்போது விலை குறையுமே என்பார்கள். குறையும், உண்மைதான். ஆனால் பழைய டிரெய்லரை விவரம் தெரிந்து வாங்குபவர் முதலில் சுவரை அழுத்திப் பார்க்கிறார், கூரைமேல் ஏறிப் பார்க்கிறார், மூலைகளில் முகர்ந்து பார்க்கிறார். அவர் தேடுவது ஈரம். காய்ந்த சுவரில் ஒட்டு இருந்தால் கொஞ்சம் குறைத்துக் கேட்பார். நனைந்த சுவர் பளபளவென்று இருந்தாலும் வாங்கமாட்டார்.

கம்பெனிகளின் பங்கு

எல்லாப் பொறுப்பையும் வாங்கியவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. பிரிக்க முடியாத சுவரைச் செய்து விற்றவருக்கும் பங்கு உண்டு. பிரிக்கக்கூடிய வண்டி செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது. ஒஹாயோவின் ஜாக்சன் சென்டரில் தயாராகும் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரின் அலுமினியத் தகடுகள் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டவை. ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு ஒரு தகட்டை மட்டும் மாற்றலாம். அறுபது வருடப் பழைய ஏர்ஸ்ட்ரீம்கள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. அதன் விலை எல்லோருக்கும் எட்டாது என்றால், 1968-இல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்த சின்னஞ்சிறு போலர் டிரெய்லரைப் பார்க்கலாம். இரண்டு ஃபைபர் கிளாஸ் ஓடுகளை முட்டை ஓடு போலச் சேர்த்துச் செய்தது அது. மூட்டு குறைவு, கசிவும் குறைவு, படகு போலவே ஒட்டுப்போடலாம். இன்றைய ஒட்டுச் சுவர்களிலும் பிளைவுட்டுக்குப் பதில் உளுக்காத செயற்கைப் பலகை வைத்துச் செய்யும் கம்பெனிகள் உண்டு. வழி தெரியாமல் யாரும் பிளைவுட்டை வைக்கவில்லை.

சட்டமும் முழுமையாகத் துணைக்கு வருவதில்லை. குறையுள்ள காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்களில் உண்டு. ஆனால் பல மாநிலங்களில் டிரெய்லர்கள் அவற்றுக்கு வெளியே நிற்கின்றன. 1975-ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் வாரன்டி சட்டம் மட்டும் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. வெளியாளிடம் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டி செல்லாது என்று கம்பெனி சொல்ல முடியாது. இதைத் தெரிந்துவைத்திருப்பவர் டீலரின் வரிசையில் நின்று நாளைக் கழிக்கத் தேவையில்லை.

டிரெய்லர் வாங்கும்போது, "இந்தச் சுவர் கிழிந்தால் எப்படிச் சரி செய்வீர்கள்?" என்று விற்பவரிடம் கேட்பவர்கள் மிகக் குறைவு. டிவி எத்தனை இஞ்ச் என்று கேட்கிறார்கள், குளிர்சாதனப் பெட்டி எவ்வளவு பெரியது என்று கேட்கிறார்கள். சுவரைப் பற்றிய கேள்வியை ஆயிரம் பேர் கேட்கத் தொடங்கினால் எல்கார்ட்டில் சுவர் செய்யும் முறை தானாக மாறும். அதுவரை வண்டியில் ஒரு சுருள் டேப்பும் ஒரு குழாய் சீலன்ட்டும் இருக்கட்டும். மழை வருவதற்குள் அடைத்துவிட்டால் மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்தான்.